ஒரு பாட்டு பிறந்த கதை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணினார். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுப்பா, பாலம் கட்டுறதைப் பத்தி மட்டும் வேண்டாம். போன மலர்லயே மூணு பேர் எழுதிட்டாங்க" என்றார். சிவில் படித்தவனிடம் இப்படிச் சொன்னால் அவன் எங்கே போவான்? யோசித்துப் பார்த்தேன். நம் விடுதியில் நான் கற்றுக்கொண்டவற்றில் பாலத்துக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று உண்டென்றால் அது ஒரு பாட்டு. அதன் சரித்திரத்தை எழுதுகிறேன்.

நான் படித்தது 2006 முதல் 2010 வரை. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டு மின்வெட்டைப் பற்றி என் செட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனதும் விடுதி முழுக்க ஒரு ஊளைச் சத்தம் கிளம்பும், பிறகு எல்லோரும் வராந்தாவுக்கு வந்துவிடுவோம். என் அறைத்தோழன் நாசரேத்துக்காரன் (பெயரைப் போட்டால் உதைப்பான்), பேட்டரியில் ஓடும் சின்ன கீபோர்டு ஒன்று வைத்திருந்தான். இருட்டில் அதைத் தட்டிக்கொண்டு மெதுவாக ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடுவான். களைத்துப்போன ஒருவன் கடவுளிடம் 'என் கையைப் பிடித்து அழைத்துப் போ' என்று கேட்கும் பாட்டு. 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷஸ் லார்ட்' என்பது அதன் பெயர். கரூர்ப் பக்கம் முருகன் கோயில் திருவிழா ரேடியோ செட் கேட்டு வளர்ந்த எனக்குக் காஸ்பல் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் வராந்தாவில் யாரும் பேச மாட்டார்கள்.

"ஏலே, இது யார் எழுதின பாட்டு தெரியுமால? டாமி டார்ஸி. பெரிய பேண்டு வாத்தியக்காரரு" என்றான் ஒருநாள். நானும் நம்பினேன். அது தப்பு என்று தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. இந்தத் தப்பு அவன் ஒருவன் செய்ததல்ல, உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் போனில் 'கண்ணீர் வரவழைக்கும் உண்மைக் கதை' என்று அனுப்புகிறார்களே, அதிலும் இந்தப் பெயர் குழப்பத்தைப் பார்க்கலாம். டாமி டார்ஸி (1905–1956) டிராம்போன் வாசித்த வெள்ளைக்காரர், நடன இசைக்குழுத் தலைவர். பாட்டை எழுதியவர் தாமஸ் ஆண்ட்ரூ டார்ஸி, கறுப்பினத்தவர். பெயரில் பாதி ஒத்துப்போனதால் ஒருவருடைய துக்கம் இன்னொருவர் கணக்கில் வரவாகிவிட்டது.

தாமஸ் டார்ஸி 1899 ஜூலை 1-ல் ஜார்ஜியா மாநிலத்தில் வில்லா ரிக்கா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பாப்டிஸ்ட் போதகர், வயிற்றுப்பாட்டுக்கு விவசாயமும் செய்தார். அம்மா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். பிறகு குடும்பம் அட்லாண்டாவுக்குப் போனது. நிலத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போகும் குடும்பத்துக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஊரில் இருந்த மரியாதை போயிற்று, கையில் காசும் இல்லை. பையன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, டெகேட்டர் தெருவில் '81 தியேட்டர்' என்ற அரங்கில் சோடா விற்கப் போனான். அங்கே பியானோ வாசிப்பவர்களின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

1916-ல் சிகாகோ. அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் இருந்து கறுப்பின மக்கள் சாரை சாரையாக வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். சிகாகோவில் அவர்களுடைய தொகை 1910-ல் சுமார் 44,000, 1930-ல் 2,30,000-க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் சண்டை புரியும்.

டார்ஸி அங்கே வீட்டு விருந்துகளில் பியானோ வாசித்தார். மாத வாடகை கட்டக் காசில்லாதவர்கள் தங்கள் வீட்டிலேயே பாட்டுக் கச்சேரி வைத்து ஆளுக்குக் கொஞ்சம் வசூல் பண்ணுவார்கள். சத்தம் வெளியே கேட்டால் போலீஸ் வந்துவிடும் என்பதால் அவர் மெல்ல, கிசுகிசுப்பது போல வாசிப்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயரும் வாங்கிக் கொடுத்தது. 1924-ல் ப்ளூஸ் பாடகிகளில் பெரிய பெயரான மா ரெய்னியின் குழுவுக்குத் தலைமை வாத்தியக்காரர் ஆனார். அந்த அம்மையார் மேடையில் ஒரு பிரம்மாண்டமான கிராமபோன் பெட்டிக்குள் நின்றுகொண்டு முதலில் குரலை மட்டும் கேட்க வைப்பாராம், பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாராம். நம்ம ஊர் நாடகக் கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தால் உடனே காப்பியடித்திருப்பார்கள்!

1925-ல் நெட்டி ஹார்ப்பர் என்ற பெண்ணை மணந்தார். நெட்டி அதே குழுவில் மா ரெய்னியின் உடைகளைக் கவனித்துக்கொண்டு கூடவே பயணம் செய்தார். மறுவருஷமே டார்ஸிக்கு மனம் உடைந்தது. சாதாரணச் சோர்வு இல்லை. சுமார் இரண்டு வருஷம் பியானோவில் உட்காரவே முடியவில்லை, உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். குடும்பத்தை நெட்டிதான் வேலைக்குப் போய்க் காப்பாற்றினார். உறவினர் வற்புறுத்தலில் கோயிலுக்குப் போய், போதகர் ஒருவர் தைரியம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். பக்திப் பாட்டு எழுத ஆரம்பித்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் வழக்கமாக, 'அன்றோடு உலகப் பாட்டை விட்டுவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. 1928-ல் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் டாம்பா ரெட் என்ற கிடார்க்காரரோடு சேர்ந்து அவர் போட்ட ஒரு ரெக்கார்டு அமோகமாக விற்றது. அதன் வரிகள் கல்லூரி மலரில் விளக்கக்கூடியவை அல்ல. காலையில் கடவுள், ராத்திரியில் ப்ளூஸ் என்று நாலைந்து வருஷம் ஓட்டினார். எனக்கு இதனாலேயே அந்த மனிதரைப் பிடிக்கும். வாடகை கட்ட வேண்டாமா?

பக்திப் பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை. கடன் வாங்கிய காசில் தபால் தலை வாங்கி, அச்சடித்த பாட்டுத் தாள்களை நாடு முழுக்க உள்ள கோயில்களுக்கு அனுப்பினார். வருடக்கணக்கில் பதிலே இல்லை. நேரில் போனால் போதகர்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள். காரணம், முன்பு சொன்ன அந்த எண்கள்தான். சிகாகோவில் முன்பே வேரூன்றிய பெரிய கறுப்பினச் சபைகள் ஐரோப்பியப் பாணியில், நோட்ஸ் பார்த்து, அடக்கமாகப் பாடுவதையே கௌரவம் என்று நினைத்தன. கை தட்டுவதும் கூவி அழுவதும் தெற்கத்தி வயல்காட்டு வழக்கம், அதை மறந்தால்தான் முன்னேற்றம் என்று எண்ணினார்கள். ஆனால் ஒவ்வொரு ரயிலிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த வயல்காட்டு ஜனங்கள். அவர்களுக்கு அந்தக் கோயிலில் உட்கார இடம் கிடைத்தது, அழ இடம் கிடைக்கவில்லை. அதிலே டார்ஸி மதுக்கடைப் பியானோவைக் கொண்டுவருகிறார் என்றால் விடுவார்களா?

1930-ல் சிகாகோவிலேயே நடந்த தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டில் அவருடைய பாட்டு ஒன்றைக் கேட்ட கூட்டம் எழுந்து நின்றது. அதிலிருந்து காற்று மாறியது. தெற்கிலிருந்து வந்த போதகர் ஒருவர் எபனேசர் பாப்டிஸ்ட் சபைக்குப் பொறுப்பேற்று, சின்ன வயதில் கேட்ட மாதிரிப் பாட்டு வேண்டும் என்றார். டார்ஸியும் அவருடைய நண்பர் தியோடர் ஃப்ரையும் அங்கே ஒரு பாடகர் குழு அமைத்தார்கள். ஃப்ரை நடந்துகொண்டே பாடுவார், டார்ஸி நின்றுகொண்டே வாசிப்பார். அதைக் கேட்ட பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையார் 1932-ல் டார்ஸியைத் தங்களிடம் அழைத்துக்கொண்டார்கள்.

இப்போது 1932 ஆகஸ்ட். நெட்டிக்கு நிறைமாதம். செயின்ட் லூயிஸில் ஒரு எழுப்புதல் கூட்டம், டார்ஸி பாடுவதாக ஒத்துக்கொண்டிருந்தார். சுமார் 300 மைல். போக மனமில்லை. ஆனால் அவரை நம்பி அங்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சிகாகோ எல்லையைத் தாண்டியபோதுதான் பாட்டுத் தாள்கள் வைத்திருந்த பையை வீட்டிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பினார். நெட்டி தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. எழுப்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மறுபடியும் கிளம்பிவிட்டார்.

இதை அவரே பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கிறார். மறுநாள் இரவு, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது தந்திப் பையன் மேடைக்கு வந்து ஒரு கவரை நீட்டினான். பிரித்தால், மனைவி இறந்துவிட்டார். சுற்றி ஜனங்கள் கை தட்டிப் பாடிக்கொண்டே இருந்தார்கள். ஊருக்கு வந்தபோது பையன் பிறந்திருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையும் போய்விட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

டார்ஸிக்குக் கடவுள் மேல் கோபம். இனி அவருக்காக ஒரு வரி எழுத மாட்டேன், பழைய ப்ளூஸுக்கே போய்விடுகிறேன் என்று வீட்டில் அடைந்து கிடந்தார். சில நாள் கழித்து ஃப்ரை அவரைப் 'போரோ காலேஜ்' என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். அது ஆனி மலோன் என்ற கறுப்பினப் பெண்மணி நடத்திய அழகுக்கலை நிலையம், அங்கே ஒரு இசையறை இருந்தது. பியானோ முன்னால் உட்கார்ந்த டார்ஸியின் விரல்கள் பழைய துதிப்பாடல் மெட்டு ஒன்றைத் தடவின. அந்த மெட்டு அவருடையது அல்ல. ஓஹியோவில் ஓபர்லின் என்ற ஊரில் ஜார்ஜ் ஆலன் என்பவர் 1844-ல் வெளியிட்டது, 'மெய்ட்லண்ட்' என்று பெயர். அதன் மேல் புதிய சொற்கள் வந்து உட்கார்ந்தன. கடவுளை அழைக்கும் அடைமொழியாக டார்ஸி முதலில் வைத்திருந்தது வழக்கமான 'ஆசீர்வதிக்கப்பட்ட' என்பது. ஃப்ரை கேட்டுவிட்டு, அதை விட 'அருமையான' என்பது நன்றாக இருக்குமே என்றாராம். அந்த ஒரு சொல்தான் பாட்டைப் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தது என்பது என் எண்ணம்.

மெட்டு பழையது, ஆனால் அதை அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். மெய்ட்லண்ட் நேர்நேராக, படி ஏறுவது போலப் போகும் மெட்டு. டார்ஸி அதை இழுத்து, ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்து ஆட வைத்தார். ஸ்வரங்களைச் சற்றே வளைத்தார். பாடுகிறவர் எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், பியானோ காத்திருக்கும். நம்மூரில் விருத்தம் பாடுவார்களே, ஏறக்குறைய அந்தச் சுதந்திரம். மா ரெய்னியிடம் கற்றுக்கொண்டதை அவர் எங்கேயும் தூக்கிப் போடவில்லை, கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு எபனேசர் சபையில் ஃப்ரை பாட, இவர் வாசிக்க, கோயிலே கதறியது என்கிறார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். சாலி மார்ட்டின் என்ற பாடகி வந்து சேர்ந்து, பைக்குள் கசங்கிக் கிடந்த காசுக்குக் கணக்கு வைத்து, பாட்டுத் தாள் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தினார். மஹாலியா ஜாக்சன் இவருடைய பாட்டுகளைத் தெருமுனையில் பாடி விற்றுப் பின்னால் உலகப் புகழ் பெற்றார். அரீதா ஃப்ராங்க்ளின் 14 வயதில், டெட்ராய்ட்டில் தன் அப்பாவின் சபையில், 1956-ல் இந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். எல்விஸ் பிரெஸ்லி 1957-ல் பாடினார்.

டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு இது மிகவும் பிடித்த பாட்டு. 1968 ஏப்ரல் 4 மாலை, மெம்பிஸ் நகரில் லொரெய்ன் விடுதி மாடியில் நின்றுகொண்டு, கீழே இருந்த சாக்ஸபோன் வாத்தியக்காரர் பென் பிராஞ்சிடம், இன்றைக்கு ராத்திரி கூட்டத்தில் இந்தப் பாட்டை நன்றாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த சில நொடிகளில் குண்டு பாய்ந்தது. ஐந்து நாள் கழித்து இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். 1972-ல் மஹாலியா இறந்தபோது அரீதா பாடினார். 1973 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் சடங்கில் லியன்டீன் ப்ரைஸ் பாடினார். வாடகை விருந்தில் கிசுகிசுத்த பியானோ எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

இனி என் கதை கொஞ்சம். 2014-ல் நான் அஸ்ஸாமில் ஒரு பாலம் வேலையில் இருந்தேன் (மன்னிக்கவும் அண்ணா, பாலம் வந்துவிட்டது). அம்மா போன் செய்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல கண்ணு. நீ வேலையைப் பாரு, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். அவசரமில்லை என்று அம்மா சொன்னால் அவசரம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி மேல்தளத்துக்குக் காங்கிரீட் போட வேண்டியிருந்தது. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாத வேலை. முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். விடியற்காலையில் நாலு மணிக்குத் தம்பி போன் செய்தான். கௌஹாத்தி வந்து, கொல்கத்தா வந்து, சென்னை வந்து, கரூர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது தம்பி. மூத்தவன் நான்.

நாசரேத்துக்காரன் எட்டாம் நாள் வந்தான். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தான், ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் போகும்போது, "அந்தப் பாட்டு எழுதினவரும் வெளியூர்லதாம்ல இருந்தாரு" என்று மட்டும் சொன்னான். அப்போதுதான் பாட்டின் பின்னால் ஒரு கதை இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அவனும் அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அப்போதும் டாமி டார்ஸி என்றுதான் சொன்னான் என்பது வேறு விஷயம். தேடிப் படித்து, தாமஸ் டார்ஸியைக் கண்டுபிடித்து, அவனுக்கே நான் திருத்தம் அனுப்பினேன்.

2016-ல் ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் சிகாகோ போக வாய்த்தது. ஒரு சனிக்கிழமை ரயிலேறி 35-ஆம் தெரு நிலையத்தில் இறங்கி நடந்தேன். இல்லினாய் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தைத் தாண்டி, 33-ஆம் தெருவும் இண்டியானா அவென்யூவும் சந்திக்கும் மூலையில் பில்கிரிம் பாப்டிஸ்ட் கோயில். டார்ஸி சுமார் ஐம்பது வருஷம் பாடகர் குழு நடத்திய இடம். 1890-களின் தொடக்கத்தில் யூதர்களின் ஜெபாலயமாக எழும்பிய கட்டடம் அது. கட்டியவர்கள் ஆட்லரும் சல்லிவனும், நம் சிவில் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பார்த்த அதே பெயர்கள்தான். ஆட்லரின் தகப்பனார் அந்த ஜெபாலயத்தின் போதகராக இருந்தவர். 1922-ல் பாப்டிஸ்ட் சபை அதை வாங்கியது. 2006 ஜனவரி 6-ல், கூரை ரிப்பேர் வேலையின்போது தீப்பிடித்து உள்ளே எல்லாம் எரிந்துபோனது.

நான் பார்த்தது நான்கு கல் சுவர்களை மட்டும். கூரை இல்லை. சுவர்கள் சாய்ந்துவிடாமல் இரும்புத் தாங்கல்கள் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தொழில் புத்தி, முதலில் அந்த இரும்பைத்தான் பார்த்தேன். எங்கே போல்ட் போட்டிருக்கிறார்கள், காற்றழுத்தம் எவ்வளவு எடுத்திருப்பார்கள் என்று. பிறகுதான் ஜன்னல் வளைவு வழியாக வானம் தெரிவது கண்ணில் பட்டது. வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன்.

பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தந்தி வந்த இடத்தில் நிற்பார்கள். எனக்கு அந்தப் பை மறந்த இடம்தான். அவருக்கு ஒரு தடவை திரும்பி வரக் கிடைத்தது. வாசல் வரை, கட்டில் வரை வந்தார். வந்தும் போனார். அதற்குப் பிறகு எழுதிய பாட்டில் அந்தப் பை இல்லை, செயின்ட் லூயிஸ் இல்லை, நெட்டி பெயர் இல்லை. 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கடவுளைக் கேட்கவும் இல்லை, 'என்னை மன்னித்துவிடு' என்றும் இல்லை. களைத்துவிட்டேன், நடக்க முடியவில்லை, கையைப் பிடி, அவ்வளவுதான். விசுவாசம் துன்பத்தை ஜெயிக்கிறது என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். இந்தப் பாட்டில் யாரும் எதையும் ஜெயித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அடுத்த அடி எடுத்து வைக்க ஒருவர் வேண்டும் என்கிறான், அவ்வளவே. நான் இன்னும் பழனிக்குப் போகிறவன்தான், ஆனால் அந்த வேலியோரம் நின்றபோது யாரை நினைத்துக்கொண்டு நின்றேன் என்று கேட்டால் அப்பாவை என்றுதான் சொல்வேன்.

டார்ஸி 1941-ல் மறுமணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தார்கள். 1982-ல் வெளிவந்த 'சே ஆமென், சம்படி' என்ற ஆவணப்படத்தில் எண்பதைத் தாண்டிய கிழவராக வருகிறார், தந்தி வந்த கதையைச் சொல்கிறார், சொல்லிவிட்டுப் பாடுகிறார். நூலகத்திலோ இணையத்திலோ கிடைத்தால் தற்போதைய மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1993 ஜனவரி 23-ல் தம் 93-ஆம் வயதில் சிகாகோவில் காலமானார்.

இந்த வருஷக் கூடுகைக்கு நாசரேத்துக்காரன் வருவதாக எழுதியிருக்கிறான். பழைய கீபோர்டு செத்துப்போயிற்றாம், அரங்கத்தில் உள்ளதை வாசிக்கச் சம்மதித்திருக்கிறான். செயலாளர் அண்ணன் இரவு உணவுக்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் நான் பார்த்துக்கொள்கிறேன். லைட்டை அணைக்கச் சொல்லி எலக்ட்ரிசியன் அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன், கரண்ட் போய்விட்டது என்று யாரும் ஊளையிட வேண்டாம்.